பதினொரு மெழுகுதிரி, பன்னிரண்டு பெயர்

1

1996 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு மணி இருபத்தேழு நிமிடம். மழை. கோவில் வாசலில் தொங்கிய வெப்பமானியில் நான்கு பாகை. நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள இந்த நகரத்தில் அந்த மாதம் கழிந்த பத்து நாளில் ஒன்பதாவது மழை நாள் அது. அந்த நிமிடத்தில்தான் என் மகன் அன்ரனின் பெயரை மரித்தவர்களின் பட்டியலில் சேர்த்து வாசித்தார்கள்.

அவன் இறந்துவிட்டான் என்று எனக்கு இதுவரை எவரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் எவரும் சொல்லவில்லை.

நமது பங்குக் கோவிலின் ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே போட்டிருந்தார்கள்: புலம்பெயர்ந்த மண்ணில் விசுவாசமும் செபமும் தந்த ஆறுதல். ஒரு பக்கக் கடிதத்தில் ஆறுதல் என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது. ஊரில் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டதில்லை. பதில் இதுதான். தலைப்புக்கு நான் பொறுப்பல்ல.

2

நாங்கள் இங்கே வந்து மூன்று வருடமும் ஐந்து மாதமும் ஆகின்றன. மகள் ரீற்றாவின் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. நாற்பத்துநான்கு படி. அவளுக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. மருமகன் கப்பலில். பேத்திக்குப் பதினொரு வயது. அவளோடு நான் பேசுவது நாளொன்றுக்கு இருபது சொல் இருக்கும். அதில் பாதி அவளுக்கு விளங்குவதில்லை, மீதிக்கு அவள் சொல்லும் பதில் எனக்கு விளங்குவதில்லை.

மொழி வகுப்புக்கு அனுப்பினார்கள். பதினெட்டு நாள் போனேன். நன்றி சொல்ல மட்டும் ஐந்து விதம் படித்தேன். அதில் நீளமானது மரியாதையானதாக இருக்கும் என்று நினைத்து, பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாரதிக்கு அதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் நன்றி என்று அதற்கு அர்த்தம். அந்த மனிதன் கதவை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பேத்தி வீடு வரும்வரை சிரித்தாள். "அம்மப்பா, அது கல்லறையில எழுதுறது," என்றாள். அந்த மாதம் அவள் பேசிய முழுமையான தமிழ் வசனம் அது ஒன்றுதான்.

மாலை ஆறரைக்குச் செபமாலை. அது என் மனைவி திரேசம்மாவின் ஏற்பாடு. ஊரில் தொடங்கியது, இங்கேயும் தொடர்ந்தது. அவளுக்குத் துக்கம் வந்த நாளிலிருந்தே எண்ணிக்கை நிற்பதில்லை. பத்துச் செபம் கொண்ட ஒரு பத்தில் எட்டிலும் நிற்பாள், பதின்மூன்றுக்கும் போவாள். இங்குள்ள குளிரில் விரல் மூட்டுகள் வீங்கி, மணியைத் தள்ளவும் முடியாமற் போயிற்று. ஆகையால் ஊரில் செய்ததுபோலவே அவள் செபிப்பாள், நான் எண்ணுவேன். பத்து முடிந்ததும் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவேன். இதைப் பார்த்த ரீற்றாவின் சிநேகிதி ஒருத்தி, இந்த வயதிலும் சேர்ந்து செபிக்கிற தம்பதிகள் என்று கோவிலில் புகழ்ந்துவிட்டாள். நான் செபிக்கவில்லை. அன்ரன் போன இரண்டாம் வருடத்தில் ஏதோ ஒரு மாலையில் நிறுத்திவிட்டேன். எவருக்கும் அறிவிக்கவில்லை. எண்ணுவதை மட்டும் விடவில்லை.

அன்ரன் போன நாளிலிருந்து நவம்பர் 9 வரை 2267 மாலைகள். பிரயாணத்திலும் ஆஸ்பத்திரியிலுமாக ஆறு தவறின. மீதியை, ஒரு செபமாலைக்குள்ள ஐம்பத்துமூன்றால் பெருக்கினால் ஒரு இலட்சத்துப் பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று முப்பத்துமூன்று அருள்நிறைந்த மரியே. இவ்வளவு விண்ணப்பம் எந்தக் கச்சேரிக்குப் போயிருந்தாலும், கிடைத்தது என்று ஒரு அட்டையாவது வந்திருக்கும்.

ஆறுதல் சொன்னவர்களையும் எண்ணி வைத்திருக்கிறேன். முப்பத்தொரு பேர். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு தமிழ்ப் பூசை. தலைநகரிலிருந்து சுவாமி ரயிலில் வருவார். பூசை முடிந்து மண்டபத்தில் தேநீரும் றோல்ஸும் கொடுக்கும்போது ஆறுதலும் கொடுப்பார்கள். ஆண்டவருடைய சித்தம் என்றவர்கள் பதினான்கு பேர். கனவு கண்டவர்கள் மூன்று பேர். தன் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னவர்கள் ஆறு பேர். அன்ரன் என்ற பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் நால்வர்.

3

1990 ஓகஸ்ட் 27, திங்கட்கிழமை. ஊரில் கடும் வெயில், வாவியில் அலையில்லை. அன்ரனுக்கு இருபத்தாறு வயது. வாவிக்கு அக்கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தான். சண்டைப் பிரச்சினையால் அந்த மாதம் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. அக்கரைக்குப் போக அவனுக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை.

தேவை எனக்கு இருந்தது. அக்கரை வட்டையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல். சிறுபோக வெள்ளாமை வெட்டிச் சூடடித்து முடிந்திருந்தது. எங்கள் வயலைப் பார்த்து நடத்திய முல்லைக்காரர் முப்பத்தெட்டு மூட்டை என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அந்த எண்ணிக்கையில் நம்பிக்கை வரவில்லை. நாற்பத்தைந்துக்குக் குறைய வழியில்லை என்று கணக்குப் போட்டேன்.

"ஒருக்காப் போய் எண்ணிப்போட்டு வா," என்று மகனிடம் சொன்னேன்.

"அப்பா, ஏழு மூட்டைக்கு ஆறு காவலரண் தாண்டோணும்," என்றான் அவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். திரேசம்மா அடுப்படியிலிருந்து, "நெல்லு அங்கயே கிடக்கட்டும், புள்ள இஞ்ச இரிக்கட்டும்," என்றாள். நான் கேட்கவில்லை. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆறே முக்காலுக்குப் புறப்பட்டான்.

வாவியைக் கடக்கும் பாதை என்கிற மிதவையில் சைக்கிளோடு ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அக்கரையில் இறங்கியதும் சீருடைக்காரர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, ஒரு பக்கமாக நிற்கச் சொன்னதைக் கண்டவர்கள் இரண்டு பேர். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. சைக்கிள் மூன்று நாள் துறையடியில் ஒரு பூவரச மரத்தில் சாத்திக் கிடந்தது. நான்காம் நாள் அதுவும் இல்லை.

நான் ஏறிய முகாம்கள் ஒன்பது. கொடுத்த மனுக்கள் இருபத்திரண்டு. வயலில் இருந்த மூட்டைகள் முப்பத்தெட்டு. முல்லைக்காரர் சொன்னது சரி. திரேசம்மா அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் போன அன்று மாலையே ஆறரைக்குச் செபமாலையை எடுத்தாள்.

4

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது வெளிநாட்டவர் அலுவலகத்தில் படிவம் தந்தார்கள். பிள்ளைகள் எத்தனை என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினேன். உயிரோடு இருப்போர் என்ற இடத்திலும் இரண்டு. மேசைக்கு அப்பால் இருந்த பெண், இரண்டாவது பிள்ளையின் விலாசத்தைக் கேட்டாள். தெரியாது என்றேன். அப்படியென்றால் இறந்தோர் என்ற பகுதிக்கு மாற்றட்டுமா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாள். வேண்டாம் என்றேன். தெரியாது என்பதற்குத் தங்கள் படிவத்தில் பெட்டி இல்லை என்றாள். நானும் இருபத்தொன்பது வருடம் அப்படிப்பட்ட படிவங்களை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளியவன்தான். அவளோடு கோபித்து என்ன செய்வது. கோபித்தேன், அது வேறு.

இந்த வருடம் ஒக்டோபர் 31ஆம் திகதி காலை, திரேசம்மாவின் தம்பி ஊரிலிருந்து அனுப்பிய தடித்த உறை வந்தது. காணாமற் போனவர்களுக்கு இப்போது மரணச் சான்றிதழ் எடுக்கலாமாம். நட்டஈடும் உண்டாம். அதற்கான படிவம் உள்ளே. தாய், தகப்பன் இருவரும் கையொப்பமிட வேண்டும். மூன்று தடவை வாசித்தேன். நிரப்பவில்லை. திரேசம்மாவுக்குக் காட்டவுமில்லை. தொலைபேசிப் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன்.

அன்றைக்குப் பின்னேரமே ரீற்றா இன்னொரு தாளோடு வந்தாள். நவம்பர் மரித்த ஆத்துமாக்களின் மாதம். ஊரில் என்றால் குடும்பத்தோடு சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி கொளுத்துவோம். இங்கே எங்களுக்குக் கல்லறை ஏது. அதனால் இங்குள்ளவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மரித்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கும். தமிழ்ப் பூசையில் செயலாளர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயர் வாசிக்கும்போது வீட்டார் எழுந்து போய்ப் பீடத்துக்கு முன் உள்ள மணல் தட்டில் ஒரு திரி நட வேண்டும்.

தபால் எடுக்கிற நேரமாகிறது, கெதியாக எழுதுங்க என்று ரீற்றா நின்றாள். நான் நிரல் போட்டு, பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திரிகளை நானே எண்ணித் திரேசம்மாவின் கைப்பையில் வைத்தேன். என் தகப்பன், தாய், அவளுடைய தகப்பன், தாய், சகோதரங்கள் என்று விரல் விட்டு எண்ணினேன். பதினொன்று.

5

எங்கள் குடும்பத்துக்கு முன் நாற்பத்தாறு பெயர்கள் போயின. செயலாளர் பெஞ்சமின் வாசித்தார். அவர் யாழ்ப்பாணத்தார், மீன் தொழிற்சாலையில் வேலை, குரல் மட்டும் நல்ல குரல். எங்கள் பெயர்கள் தொடங்கியதும் திரேசம்மா எழுந்தாள். முழங்கால் வலியால் ஒவ்வொன்றுக்கும் வந்து வந்து போக முடியாது. மணல் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாக நட்டாள். நான் இருந்த இடத்திலிருந்தே எண்ணினேன். பதினொன்றும் முடிந்தது. அவள் திரும்பினாள்.

"சந்தியாப்பிள்ளை அன்ரன் பெனடிக்ற்," என்று வாசித்தார் பெஞ்சமின்.

அவள் பாதித் திரும்பியபடியே நின்றாள். கையில் திரி இல்லை. முன்வரிசை வாங்கிலிருந்த ஒரு பெண் அதைக் கண்டு, தன்னிடம் இருந்த ஒன்றை எழுந்து கொடுத்தாள். நல்ல மனசு, சந்தேகமில்லை. திரேசம்மா வாங்கினாள். நடவில்லை, கொளுத்தவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். பெஞ்சமின் அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார். சுவாமி அன்றைக்குச் செய்த பிரசங்கமும் ஆறுதலைப் பற்றித்தான். இருபத்திரண்டு நிமிடம்.

மாலை ஆறரைக்கு நான் மேசையில் போய் இருந்தேன். திரேசம்மா வரவில்லை. யன்னலடியில் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குச் செபமாலையைப் பெட்டியில் வைத்தேன். அப்படிப் பதினொரு மாலைகள்.

இதை மலர்க்குழுவினர் கவனிக்க வேண்டும். அந்தச் செபத்தை நாலு வருடத்துக்கு மேலாக நான் நம்பியதில்லை. நிறுத்த வேண்டும் என்று வாயால் சொல்லாவிட்டாலும் மனதால் பல தடவை சொன்னவன். அது நின்றபோது வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆறு வருடம் அவளை எது நிமிர்த்தி வைத்திருந்தது என்று பதினொரு நாளில் கண்டேன். "அப்பா, ஏற்றுக்கொள்ளத்தானே வேணும்," என்றாள் ரீற்றா. எதை என்று கேட்டேன். அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

6

பிழை பெஞ்சமினுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஒன்பது அம்சங்களில் ஒரு முறைப்பாடு எழுதினேன், மூன்று பக்கம். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் அவர் கோவில் அலுவலகத்தில் இருப்பார். 12ஆம் திகதி செவ்வாய் போனேன். காத்திருந்த மூன்று பேருக்கு முன்னால் வைத்தே கேட்டேன்.

"தம்பி, எங்கட புள்ளைகள சாகடிக்கிறத்துக்கு அங்க ஆக்கள் தாராளமாக் காணும். இஞ்சயும் செயலாளர் வேணுமா?"

அவர் முகம் சுருங்கியது. கையெல்லாம் உப்பும் குளிரும் வெடிப்பாக்கிய கை. முறைப்பாட்டை வாங்கி மூன்று பக்கத்தையும் வாசித்தார்.

"ஐயா, நீங்கள் தந்ததைத்தான் நான் வாசிச்சனான்," என்றார். "தாளுகளைச் சுவாமி தலைநகருக்குக் கொண்டுபோட்டார். கேட்டு எடுக்கிறன். வாற கிழமை வியாழக்கிழமை வாங்கோ."

வியாழக்கிழமை 21ஆம் திகதி போனேன். மழை. அன்று வேறு எவரும் இல்லை. பெஞ்சமின் ஒரு தாளை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். என் நிரல். என் எழுத்து. பதினொன்று வரைக்கும் இறந்த ஆண்டின்படி ஒழுங்காக எழுதியிருந்தேன். பன்னிரண்டாவது: சந்தியாப்பிள்ளை அன்ரன் பெனடிக்ற், பிறந்தது 1964. இறந்த ஆண்டு என்ற இடத்தில் ஒரு சிறிய கோடு.

"கோடு போட்டிருந்தியள். வருசம் ஞாபகமில்லையாக்கும் எண்டு நினைச்சன்," என்றார் பெஞ்சமின். "கேட்டிருக்க வேணும். அது என்ர பிழை."

அதை எழுதிய நினைவு எனக்கு இப்போதும் இல்லை. காலையில் அந்தப் படிவத்தை மூன்று தடவை வாசித்த கை, பின்னேரம் எழுதியிருக்கிறது. திரிகளை எண்ணிய நான் வேறு ஆளாக இருந்திருக்கிறேன். இருவருக்கும் சம்பளம் கொடுத்தது ஒரே தலை.

பெஞ்சமினிடம் ஆறே சொல்லில் மன்னிப்புக் கேட்டேன்: "நான்தான் எழுதியிரிக்கன். நீங்க பிழையா ஒண்டும் செய்யல்ல." முறைப்பாட்டைத் திருப்பித் தந்தார். பஸ் தரிப்பிடத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

7

திரேசம்மா யன்னலடியில்தான் இருந்தாள். தாளை அவளுக்கு முன் வைத்தேன். அவள் கண்ணாடியைத் தேடவில்லை.

"உங்கட எழுத்தெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள். "ஞானஸ்நானப் பேரையும் சேத்து எழுத அந்த மனிசனுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான் எல்லாத்தையும் முழுசா எழுதுவீங்க."

பிறகு ஏன் பதினொரு நாள் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன்.

"நீங்களா வந்து செல்லுவீங்களா எண்டு பாத்தன்." தாளை என் பக்கமாகத் தள்ளினாள். "இஞ்சாருங்க, எழுதினது எனக்குக் கோவமில்ல. ஆறு வருசமா எனக்குப் பக்கத்தில இரிந்து எண்ணினீங்க. அந்த எண்ணிக்கைக்குள்ள என்ட புள்ள உசிரோட இரிந்தானா, இல்லியா? அதச் செல்லுங்க."

கச்சேரியிலும் முகாமிலும் இந்த நாட்டு அலுவலகத்திலும் சொன்ன பதிலைத்தான் சொன்னேன். தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது," என்றாள் அவள். "அவன் வருவான் எண்டு அடிச்சுச் செல்ல எனக்கென்ன, கடிதமா வந்த? தெரியாமத்தான் கேக்கன். தெரிஞ்சா பிறகு எதுக்குச் செபம்?"

தொலைபேசிப் புத்தகத்துக்கு அடியிலிருந்த படிவத்தையும் எடுத்துக் கொடுத்தேன். வாசித்தாள். கிழிக்கவில்லை, கையொப்பமிடவும் இல்லை. செபமாலைப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டு மாலையை வெளியே எடுத்தாள். மணி ஆறு ஐம்பது. இருபது நிமிடம் பிந்திவிட்டது.

"இண்டைக்கு நான் எண்ணுறன். நீங்க செல்லுங்க."

எனக்கு வசனங்கள் மறக்கவில்லை. குரல்தான் பழக்கமில்லாமல் கரகரத்தது. அவள் வீங்கிய விரல்களால் ஒவ்வொரு மணியாகத் தள்ளினாள். இரண்டாம் பத்தில் ஒன்பதுக்கே தட்டினாள். நாலாம் பத்தில் பதினொன்றுக்கும் தட்டவில்லை, பன்னிரண்டுக்குத்தான் தட்டினாள். எனக்குத் தெரிந்தது. நிறுத்தித் திருத்தவில்லை. கடைசியில் என்ன கருத்துக்காகச் செபித்தோம் என்று ஆண்டவரிடம் சொல்ல வேண்டும். வழமையாக அவள், புள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பாள். அன்று என்னைப் பார்த்தாள்.

"எங்கட அன்ரன் எங்க இரிக்கான் எண்டு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். மூட்டை எண்ண அனுப்பினது நான்," என்றேன். அவள் ஆமென் சொன்னாள். மூட்டையைப் பற்றி எங்கள் வீட்டில் வாய் திறந்தது ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவள் எழும்பிப் போய் எனக்கும் தனக்கும் சோறு போட்டாள்.

பாரம் இறங்கிவிட்டது என்று எழுதினால் மலர்க்குழுவுக்கு வசதியாக இருக்கும். இறங்கவில்லை. ஆண்டவரோடு எனக்குள்ள வழக்கும் முடியவில்லை. இப்போது நேரில் பேசுகிறேன், அவ்வளவுதான். முன்பு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணினேன். அன்று இரவு ஐந்து மணித்தியாலம் நித்திரை கொண்டேன். வழமையில் மூன்று. அடுத்த மாலையும் ஆறரைக்கு நானே போய் இருந்தேன். இதற்கு ஆறுதல் என்றுதான் பெயர் என்றால் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். முப்பத்தொரு பேரில் எவரும் இதைத் தரவில்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

8

26ஆம் திகதி செவ்வாய், மறுபடி பெஞ்சமினிடம் போனேன். அன்று மழை இல்லை, குறிப்பில் எழுதிவைத்தேன். டிசம்பர்ப் பூசையை அன்ரனுக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றேன். அவர் பூசைப் பதிவேட்டைத் திறந்தார். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் உயிரோடுள்ளோர், வலது பக்கம் மரித்தோர்.

பேனை முனையை இடது பக்கத்துக்கும் பிறகு வலது பக்கத்துக்கும் மேலாக நகர்த்தினார். "ஐயா, என்னட்டை இரண்டு நிரல்தான் இருக்கு," என்றார் மெதுவாக.

இருபத்தொன்பது வருடத்தில் என் கீழ் வேலை செய்த எவரையும் கோட்டின்மேல் எழுத நான் விட்டதில்லை. ஒருவனை அதற்காக அழவும் வைத்திருக்கிறேன்.

"கோட்டிலயே எழுதுங்க, தம்பி," என்றேன்.

எழுதினார். முதலெழுத்துகள் இடது பக்கத்திலும் மீதி வலது பக்கத்திலுமாக விழுந்தன. பெயர் சரியாக இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொன்னேன். அந்த நல்ல குரலில் வாசித்தார்.

முன் வாங்குப் பெண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு பெட்டி மெழுகுதிரி வாங்கினேன். அவள் தந்த திரி திரேசம்மாவின் கைப்பையிலேயே இருக்கிறது. கொளுத்தப்படவில்லை, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றவை: பஸ், மூன்று தடவை போய்வர, நாற்பத்தெட்டு. மெழுகுதிரிப் பெட்டி இருபத்திரண்டு. பூசைக் காசு ஐம்பது. ஆக மொத்தம் நூற்றிருபது குரோனர்.